சாலைச் சந்திப்பில் யார் முதலில் செல்ல வேண்டும்? புதிதாக வாகனம் ஓட்டுவோருக்கான விளக்கம்

இரண்டு சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு வாகனம் இருக்கும் அதே நொடியில் அதே தரையில் இன்னொரு வாகனம் இருக்க முடியாது. ஏதோ ஒன்று காத்திருந்தாக வேண்டும். எது காத்திருப்பது என்பதை, ஒருவரோடொருவர் பேச வழியில்லாத இரு ஓட்டுநர்களும் ஓரிரு நொடிகளுக்குள் ஒரே மாதிரியாக முடிவு செய்ய வேண்டும். அப்படி முடிவு செய்வதற்காக வகுக்கப்பட்டவையே முன்னுரிமை விதிகள். கியர் மாற்றுவதும் ஸ்டியரிங்கைத் திருப்புவதும் சில வாரங்களில் கைக்குப் பழகிவிடுகின்றன. ஆனால் பல ஆண்டுகளாக வண்டி ஓட்டுபவர்களிலும், சந்திப்பை நெருங்கும்போது தாம் போகலாமா நிற்க வேண்டுமா என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரியாமல், முன்னால் செல்லும் வண்டியைத் தொடர்ந்தோ ஹாரனை நம்பியோ கடந்துவிடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதிரே வருபவரும் அதே நம்பிக்கையோடு வரும் நாளில் அந்தப் பழக்கம் காப்பாற்றாது.

இந்த விதிகளைப் படிக்கத் தொடங்கும்போதே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. சாலை விதிகள் பெரும்பாலும் ‘இன்னார் போகலாம்’ என்று எழுதப்படுவதில்லை. ‘இன்னார் வழிவிட வேண்டும்’ என்றே எழுதப்படுகின்றன. முன்னுரிமை என்று நாம் பேச்சில் சொல்வது, மற்றவர் தம் கடமையைச் செய்த பிறகு நமக்குக் கிடைக்கும் வாய்ப்புதான். மற்றவர் வழிவிடாமல் வந்துகொண்டிருக்கும்போது ‘எனக்குத்தான் முன்னுரிமை’ என்று நேராகச் செலுத்திப் போய் மோதுவதற்கு எந்த நாட்டுச் சட்டமும் அனுமதி தருவதில்லை.

வழிவிடுவது என்றால் என்ன என்பதற்கு, 1968-ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான பன்னாட்டுச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை தரும் விளக்கம் மிகவும் பயனுள்ளது. நாம் முன்னேறுவதாலோ, நின்ற இடத்திலிருந்து மீண்டும் கிளம்புவதாலோ, மற்ற வாகனத்தின் ஓட்டுநர் தம் திசையையோ வேகத்தையோ திடீரென்று மாற்ற நேரிடுமானால், நாம் முன்னேறக் கூடாது என்பதே அதன் சாரம். இதன்படி, வழிவிடுவதற்கு எப்போதும் வண்டியை நிறுத்தியாக வேண்டும் என்பதில்லை. சற்று முன்பே வேகத்தைக் குறைத்து, மற்றவர் கடந்த பிறகு நிற்காமலேயே நுழைந்தாலும் அது முறையாக வழிவிட்டதுதான். மாறாக, நாம் நுழைந்த பிறகு பக்கவாட்டில் வந்தவர் பிரேக்கை அழுத்த வேண்டி வந்தால், மோதல் நடக்காவிட்டாலும் நாம் வழிவிடத் தவறிவிட்டோம். சந்திப்பைக் கடந்த ஒவ்வொரு முறையும் ‘என்னால் யாராவது பிரேக் பிடித்தார்களா’ என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் பழக்கம், பயிற்சிப் பள்ளியில் கற்கும் பல பாடங்களைவிடச் சிறந்த ஆசிரியர்.

இனி வரும் விளக்கங்கள், இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்று இடப்புறமாக வாகனம் ஓட்டும் நாடுகளை அடிப்படையாகக் கொண்டவை. கனடா, அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி போன்று வலப்புறமாக ஓட்டும் நாடுகளில் இருப்பவர்கள் திரும்பும் திசைகளை மாற்றிப் படித்துக்கொள்ளலாம். அப்படி மாற்றக் கூடாத விதி ஒன்று உண்டு. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

எந்த ஆணை எதற்கு மேல்

ஒரே சந்திப்பில் காவலர் நிற்கலாம், சிக்னல் எரியலாம், பலகை நடப்பட்டிருக்கலாம், தரையில் கோடு போடப்பட்டிருக்கலாம். இவை ஒன்றுக்கொன்று முரண்படும்போது எதைப் பின்பற்றுவது என்ற குழப்பம் புதியவர்களுக்கு இயல்பாகவே எழும். வரிசை எளிது. சாலையில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலரின் கைச்சைகை எல்லாவற்றுக்கும் மேலானது. சிக்னல் சிவப்பாக இருக்கும்போது அவர் வரச் சொன்னால் போக வேண்டும், பச்சையாக இருக்கும்போது தடுத்தால் நிற்க வேண்டும். அதற்கு அடுத்தது சிக்னல் விளக்கு. அதற்கும் அடுத்தவை பலகைகளும் தரைக் கோடுகளும். இவை எவையுமே இல்லாத இடத்தில்தான் பொது விதி செயல்படத் தொடங்குகிறது. ஆகவே சந்திப்பை நெருங்கும்போது கண்கள் இந்த வரிசையிலேயே தேடப் பழக வேண்டும்: ஆள் நிற்கிறாரா, விளக்கு எரிகிறதா, பலகை உண்டா, கோடு உண்டா.

ஒன்றுமே இல்லாத சந்திப்பு

கற்பதற்கு உகந்த இடம், எந்த அடையாளமும் இல்லாத சிறு சந்திப்புதான். அங்கே பொது விதிகள் மட்டுமே துணை என்பதால் அவற்றின் காரணம் தெளிவாகப் புலப்படும்.

முதலாவது, கிளைச்சாலையிலிருந்து பிரதான சாலைக்குள் நுழைபவர் பிரதான சாலையில் செல்பவர்களுக்கு வழிவிட வேண்டும். வீட்டு வாசல், பெட்ரோல் பங்க், வாகன நிறுத்துமிடம், மண்பாதை ஆகியவற்றிலிருந்து சாலைக்கு வருபவர்களுக்கும் இதே கடமை உண்டு. ஒரு சாலை இன்னொன்றின் மீது வந்து முட்டி முடியும் முச்சந்தியில், முடியும் சாலையிலிருந்து வருபவரே காத்திருக்க வேண்டும் என்று பல நாடுகள் வகுத்துள்ளன. பிரதான சாலையில் ஓட்டம் தொடர்ந்து இருக்கும். அங்கே வேகமும் கூடுதலாக இருக்கும். கிளைச்சாலையிலிருந்து வருபவர் எப்படியும் வேகத்தைக் குறைத்தே திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே காத்திருக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது.

இரண்டாவது, இரு சாலைகளும் ஒரே தரத்தவையாக இருக்கும்போது வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும். இந்தியாவின் 1989-ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குமுறைகள், குறிக்கப்பட்ட பிரதான சாலைக்குள் நுழையும்போது அதில் செல்வோருக்கும், மற்ற சந்திப்புகளில் வலப்புறமிருந்து வரும் அனைவருக்கும் வழிவிட வேண்டும் என்று இந்த இரு விதிகளையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தே சொல்லின. இடப்புறம் ஓட்டும் நாட்டில் வலப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பதைக் காகிதத்தில் வரைந்து பார்த்தால் உடனே புரியும். நாம் வடக்கு நோக்கிச் செல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வலப்புறமிருந்து, அதாவது கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வருபவர், தம் இடப்பக்கத்தை ஒட்டி ஓட்டுவதால் குறுக்குச் சாலையின் தெற்குப் பாதியில், நமக்கு மிக அருகில் உள்ள பாதியில் வருகிறார். இடப்புறமிருந்து வருபவரோ தொலைவிலுள்ள வடக்குப் பாதியில் வருகிறார். நாம் சந்திப்புக்குள் நுழைந்தவுடன் முதலில் எதிர்கொள்ளப்போவது வலப்புறத்து வாகனத்தைத்தான். அந்தப் பக்கத்திலேயே ஓட்டுநர் இருக்கையும் இருப்பதால் அது கண்ணுக்கும் எளிதில் படும்.

திசை மாற்றிப் படிக்கக் கூடாது என்று முன்பு சொன்ன விதி இதுதான். வலப்புறம் ஓட்டும் நாடுகளிலும் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே வழிவிட வேண்டும். வியன்னா உடன்படிக்கையும் அந்நாடுகளுக்கு அப்படியே விதிக்கிறது. இடப்புறம் ஓட்டும் நாடுகள் தமக்கு ஏற்றபடி வகுத்துக்கொள்ளலாம் என்று அது விட்டுவிட்டது. அதனால்தான் ஆஸ்திரேலியாவில் வலப்பக்க விதி நடைமுறையில் இருக்க, பிரிட்டனில் அடையாளமற்ற சந்திப்பில் எவருக்குமே முன்னுரிமை கிடையாது, எல்லோரும் மிகுந்த எச்சரிக்கையோடு கடக்க வேண்டும் என்ற நிலை இருக்கிறது. வெளிநாட்டில் வாடகைக் கார் எடுப்பவர்கள் வண்டியின் விசைகளைப் பார்த்துக்கொள்வதற்கு முன்பே அந்த நாட்டின் இந்த ஒரு விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வலப்பக்க விதியில் ஓர் இடைவெளி உண்டு. நான்கு திசைகளிலிருந்தும் நான்கு வாகனங்கள் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், ஒவ்வொருவருக்கும் வலப்புறத்தில் ஒருவர் இருக்கிறார். ஆகவே விதிப்படி நால்வரும் நிற்க வேண்டும். அங்கே எவரேனும் ஒருவர் தம் வாய்ப்பை விட்டுக்கொடுத்து, கையசைத்து இன்னொருவரைப் போகச் சொல்லாமல் முடிச்சு அவிழாது. ஒருவர் போய்விட்டால், அவருக்காக நின்றவருக்கு வலப்புறம் காலியாகிவிடும். பிறகு வரிசை தானாகவே நகரும்.

மூன்றாவது, எதிரெதிரே வரும் இருவரில் ஒருவர் நேராகச் செல்ல, மற்றவர் குறுக்கே திரும்ப விரும்பினால், திரும்புபவர் காத்திருக்க வேண்டும். இடப்புறம் ஓட்டும் நாட்டில் வலப்பக்கம் திரும்புவது எதிர்வரிசையை அறுத்துக்கொண்டு போவதாகும்; ஆகவே வலப்பக்கம் திரும்புபவர் எதிரே நேராக வருபவருக்கும், எதிரே இருந்து இடப்பக்கம் திரும்புபவருக்கும் வழிவிடுகிறார். இதற்கு நேர்மாறான விதியை நியூசிலாந்து 1977 முதல் 35 ஆண்டுகள் வைத்திருந்தது. அங்கே இடப்பக்கம் திரும்புபவர், எதிரே இருந்து அதே சாலைக்குள் வலப்பக்கம் திரும்புபவருக்கு வழிவிட வேண்டியிருந்தது. இடப்பக்கம் திரும்புபவர் எதிரே இருப்பவரைப் பார்த்து நிற்க, அவருக்குப் பின்னால் நேராக வருபவர் அவரைத் தாண்டிச் செல்ல, வலப்பக்கம் திரும்பக் காத்திருப்பவர் இருவரையும் கணித்துக் குழம்ப வேண்டிய நிலை இருந்தது. 2012 மார்ச் 25 அன்று அந்த விதி கைவிடப்பட்டு, மற்ற நாடுகளில் உள்ள முறை அங்கும் வந்தது. சந்திப்பில் ஒருவர் கவனிக்க வேண்டிய திசைகளின் எண்ணிக்கையைக் கூட்டும் விதி, தாளில் எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும் சாலையில் நிலைப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியவில்லை.

முக்கோணமும் எண்கோணமும்

பிரதான சாலை எது, கிளைச்சாலை எது என்பதில் ஐயம் எழாதபடி செய்யவே பலகைகள் வந்தன. நுனி கீழ்நோக்கிய முக்கோணம் வழிவிடச் சொல்கிறது. எட்டுப் பக்கங்கள் கொண்ட சிவப்புப் பலகை நிற்கச் சொல்கிறது. ‘நில்’ பலகை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1915-ல் முதன்முதலில் வைக்கப்பட்டபோது வெறும் சதுரமாக இருந்தது. எண்கோண வடிவம் 1923-க்குப் பிறகு பரவியது. அந்நாட்டில் சிவப்பு நிறம் 1954-ல்தான் நிலைபெற்றது. வழிவிடும் பலகை இன்னும் இளையது. 1950-ல் ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில், கிளின்டன் ரிக்ஸ் என்ற காவல் அதிகாரியின் முயற்சியால் அது முதலில் நடப்பட்டது. இந்த இரண்டு வடிவங்களும் வேறெந்தப் பலகைக்கும் பொதுவாகப் பயன்படுத்தப்படுவதில்லை. எழுத்து மறைந்திருந்தாலும், பலகையின் முதுகுப்புறம் மட்டுமே தெரிந்தாலும், குறுக்கே வருபவருக்கு என்ன ஆணை இடப்பட்டிருக்கிறது என்பதை வடிவத்தைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

முக்கோணத்தின் முன் வேகத்தைக் குறைத்து, வழி காலியாக இருந்தால் நிற்காமல் போகலாம். எண்கோணத்தின் முன், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒருவருமே இல்லாவிட்டாலும் சக்கரம் முழுவதுமாக நிற்க வேண்டும். இது வீண் சடங்காகப் பலருக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பலகை நடப்படும் இடங்கள் பெரும்பாலும் சுவரோ, மரமோ, வளைவோ பார்வையை மறைக்கும் இடங்களாகவே இருக்கும். ஓடிக்கொண்டே பார்த்தால் மறைவுக்குப் பின்னால் இருப்பது தெரிவதற்குள் நாம் நடுச்சாலைக்கு வந்திருப்போம். நிறுத்தக் கோட்டில் நின்ற பிறகும் இருபுறமும் சரியாகத் தெரியவில்லையென்றால், அங்குலம் அங்குலமாக முன்னேறி, பார்வை திறக்கும் இடத்தில் மறுபடியும் நின்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கா, கனடா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் நான்கு பக்கமும் ‘நில்’ பலகை வைத்த சந்திப்புகள் ஏராளம். முதலில் வந்து நின்றவர் முதலில் போகிறார் என்பதே அங்குள்ள முறை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருவர் ஒரே நேரத்தில் வந்து நின்றால் வலப்புறத்தில் இருப்பவர் முதலில் போகிறார்.

பலகை நம்மைக் காத்திருக்கச் சொன்ன பிறகு, எவ்வளவு இடைவெளி கிடைத்தால் நுழையலாம் என்பதே உண்மையான கேள்வி. இதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். தடம் ஒன்றுக்கு மூன்றரை மீட்டர் வீதம் இரண்டு தடங்கள் கொண்ட சாலையை நேராகக் கடக்க வேண்டும். சாலையின் அகலம் 7 மீட்டர், காரின் நீளம் 4 மீட்டர், கோட்டுக்குப் பின்னால் நாம் நிற்கும் இடைவெளி 2 மீட்டர் எனக் கொண்டால், காரின் வால்பகுதி அக்கரை சேர 13 மீட்டர் நகர வேண்டும். நின்ற நிலையிலிருந்து இயல்பான வேகத்தில் கிளம்பும் கார் இதைக் கடக்க ஏறக்குறைய 4 நொடிகள் ஆகும். பார்த்து முடிவு செய்து கிளட்சை விட ஒரு நொடி போனால், மொத்தம் 5 நொடிகள். இப்போது 100 மீட்டர் தொலைவில் ஒரு வாகனம் வருகிறது. அது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 6 நொடிகளில் நம்மை அடையும். ஒரு நொடி மிச்சத்தில் தப்பிப்போம், அவர் பதறிப் பிரேக் பிடித்திருக்கவும் கூடும். அதே வாகனம் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நான்கரை நொடிகளில் வந்துவிடும். நம் வால்பகுதி அப்போது இன்னும் நடுச்சாலையில்தான் இருக்கும். எதிரே வருவது 60-ல் வருகிறதா 80-ல் வருகிறதா என்பதை 100 மீட்டரிலிருந்து வெறும் கண்ணால் சரியாகச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கடினம். ஐயம் இருக்கும்போது அந்த ஒரு வாகனத்தைப் போகவிடுவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

சிக்னல் சொல்வதும் சொல்லாததும்

சிவப்புக்கு விளக்கம் வேண்டியதில்லை. மஞ்சள், ‘பச்சை முடிகிறது, நில்’ என்கிறது; நிறுத்தினால் பின்னால் வருபவர் மோதிவிடும் அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவர் மட்டுமே அதில் கடக்கலாம். விட்டு விட்டு எரியும் மஞ்சள் எச்சரிக்கையோடு செல்லச் சொல்கிறது. இந்தியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் விட்டு விட்டு எரியும் சிவப்பு ‘நில்’ பலகைக்குச் சமம்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது பச்சைதான். பச்சை, வழி காலியாக இருந்தால் போகலாம் என்ற அனுமதியைத் தருகிறது. வழி காலியாக இருக்கிறது என்று உறுதி தருவதில்லை. முந்தைய சுற்றில் உள்ளே நுழைந்தவர்கள், கடந்துகொண்டிருக்கும் முதியவர், கடைசி நொடியில் சிவப்பைத் தாண்டி வரும் இருசக்கர வாகனம் ஆகிய எவரையும் அது அப்புறப்படுத்திவிடுவதில்லை. பச்சை விழுந்ததும் இருபுறமும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்ப ஒரு நொடிக்கு மேல் ஆகாது. அதேபோல, சந்திப்புக்கு அப்பால் வாகனங்கள் தேங்கி நின்றால் பச்சையே எரிந்தாலும் உள்ளே நுழையக் கூடாது. நுழைந்தால் நடுவில் சிக்கிக் குறுக்குச் சாலையையும் அடைத்துவிடுவோம். வியன்னா உடன்படிக்கை இதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. சில சந்திப்புகளின் தரையில் மஞ்சள் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு வைத்திருப்பதன் பொருளும் இதுவே.

வலப்பக்கம் திரும்புபவர், வட்டப் பச்சைக்கும் அம்புக்குறிப் பச்சைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருப்பது மிகவும் அவசியம். வலப்பக்க அம்புக்குறி பச்சையாக எரிந்தால், பொதுவாக எதிர்வரிசை நிறுத்தப்பட்டிருக்கும். வெறும் வட்டப் பச்சையானால் எதிரே வருபவர்களுக்கும் பச்சையே எரியக்கூடும். அவர்கள் அனைவருக்கும் வழிவிட்ட பிறகே திரும்ப வேண்டும். சந்திப்பின் நடுவில் அப்படிக் காத்திருக்கும்போது முன்சக்கரங்களை நேராக வைத்திருங்கள். ஸ்டியரிங்கை முன்கூட்டியே வலப்பக்கம் வளைத்து வைத்திருந்தால், பின்னாலிருந்து ஒரு வண்டி லேசாக இடித்தால்கூட நம் கார் எதிர்வரிசைக்குள் தள்ளப்பட்டுவிடும்.

சிவப்பிலும் திரும்பலாம் என்று அனுமதிக்கும் இடங்கள் சில நாடுகளில் உண்டு. அந்த அனுமதியில் செல்பவர், நடப்பவர் உட்பட அனைவருக்கும் வழிவிட வேண்டியவர். சிக்னல் முழுவதுமாக அணைந்துபோனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது நான்கு பக்க ‘நில்’ சந்திப்பாகக் கருதப்படுகிறது. பிரிட்டனில் அடையாளமற்ற சந்திப்பாகிறது. ஜெர்மனியில் சிக்னல் கம்பத்தருகே உள்ள பலகைகள் உயிர்பெறுகின்றன. எங்கே இருந்தாலும், வேகத்தை நடைவேகத்துக்குக் குறைப்பதே முதல் செயலாக இருக்க வேண்டும்.

ரவுண்டானா

விதியின் ஒரு சொல்லை மாற்றினால் சாலையின் தலையெழுத்தே மாறும் என்பதற்கு ரவுண்டானாவைப் போல வேறு எடுத்துக்காட்டு இல்லை. ஏற்கெனவே வட்டத்துக்குள் சுற்றுபவருக்கு, புதிதாக நுழைபவர் வழிவிட வேண்டும் என்பது இன்று பரவலான விதி. இடப்புறம் ஓட்டும் நாட்டில் சுற்று கடிகார முள் திசையில் செல்வதால், நுழைபவர் வலப்புறத்தைப் பார்த்தால் போதும்.

ஆனால் தொடக்கத்தில் இப்படி இல்லை. நுழைபவருக்கு உள்ளே இருப்பவர் வழிவிடும் முறையோ, தெளிவான விதியே இல்லாத நிலையோதான் பல இடங்களில் இருந்தது. அதன் விளைவைக் கற்பனை செய்து பாருங்கள். நான்கு வாயில்களிலிருந்தும் வாகனங்கள் உள்ளே வருகின்றன. உள்ளே சுற்றுபவர் ஒவ்வொரு வாயிலிலும் நின்று வழிவிட வேண்டும். அவர் நிற்பதால், அவருக்குப் பின்னால் அடுத்த வழியில் வெளியேற வேண்டியவரும் நிற்கிறார். வெளியேற முடியாத வட்டத்துக்குள் மேலும் மேலும் வாகனங்கள் வந்து நிறைகின்றன. சிறிது நேரத்தில் வட்டம் முழுவதும் பூட்டிக்கொள்கிறது. காவலர் வந்து பிரித்துவிட வேண்டியதாகிறது. 1966-ல் பிரிட்டன் விதியைத் திருப்பி, உள்ளே சுற்றுபவருக்கு முன்னுரிமை கொடுத்தது. அதன் பிறகு வட்டத்துக்குள் இருப்பவர் தடையின்றிச் சென்று வெளியேற, வட்டம் காலியாகிக்கொண்டே இருந்தது. நெரிசல் வெளியே, வரிசையில் நின்றது. நவீன ரவுண்டானா உலகெங்கும் பரவியதற்கு இந்த மாற்றமே அடித்தளம். பாரிஸில் பன்னிரண்டு சாலைகள் வந்து சேரும் எத்துவால் சதுக்கம் இதற்குப் புகழ்பெற்ற விதிவிலக்கு. அங்கே இன்னும் வலப்பக்க விதியின்படி நுழைபவருக்கே முன்னுரிமை.

பாதுகாப்பின் கணக்கும் ரவுண்டானாவுக்கே சாதகமாக இருக்கிறது. தடம் ஒன்று போக, தடம் ஒன்று வர அமைந்த சாதாரண நாற்சந்தியில் வாகனப் பாதைகள் ஒன்றோடொன்று வெட்டியோ, சேர்ந்தோ, பிரிந்தோ மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் அவை வெறும் 8. குறுக்கே வெட்டும் புள்ளி ஒன்றுகூட இல்லை. மோதல் நடந்தாலும் அது பெரும்பாலும் குறைந்த வேகத்தில், பக்கவாட்டு உரசலாகவே இருக்கும்.

ரவுண்டானாவில் நுழையக் காத்திருக்கும்போது, வருபவரின் இண்டிகேட்டரை மட்டும் நம்பி நுழைந்துவிடாதீர்கள். முந்தைய திருப்பத்தில் போட்ட இண்டிகேட்டர் அணையாமல் எரிந்துகொண்டிருக்கலாம். அவருடைய முன்சக்கரம் எந்தப் பக்கம் வளைகிறது, வண்டியின் வேகம் குறைகிறதா என்பவற்றைப் பாருங்கள், அவை ஏமாற்றுவதில்லை. வெளியேறும்போது நீங்கள் தவறாமல் இண்டிகேட்டர் போடுங்கள். காத்திருப்பவருக்கு அதனால் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

நடப்பவர்களும் கண்ணில் படாதவர்களும்

ஜீப்ரா கிராசிங்கில் நடந்து கடப்பவருக்கு வாகனம் வழிவிட வேண்டும் என்பதில் நாடுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. பலர் மறப்பது, திரும்பும்போது உள்ள கடமையை. நாம் ஒரு சாலைக்குள் திரும்புகிறோம் என்றால், அந்தச் சாலையைக் கடந்துகொண்டிருக்கும் நடப்பவரும் மிதிவண்டிக்காரரும் முதலில் போக வேண்டும். பிரிட்டன் 2022 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே சென்று, சந்திப்பில் கடப்பதற்காகக் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும் என்று தன் நெடுஞ்சாலை விதித்தொகுப்பைத் திருத்தியது. இது சரியான திசை என்றே நினைக்கிறேன். இரும்புக் கூட்டுக்குள் இருப்பவருக்குச் சில நொடித் தாமதம். வெளியே நடப்பவருக்கு உயிர். இன்னொன்று: அடுத்த தடத்தில் ஒரு வாகனம் ஜீப்ரா கிராசிங்கின் முன் நின்றிருந்தால், அது ஏன் நிற்கிறது என்று தெரியாமல் தாண்டக் கூடாது. அதன் மறைவிலிருந்து ஒரு குழந்தை வெளிவரலாம்.

‘நான் பார்த்தேன், யாருமே இல்லை’ என்று விபத்துக்குப் பின் சொல்பவர்கள் பல நேரங்களில் பொய் சொல்வதில்லை. முன்கண்ணாடியின் இரு ஓரங்களிலும் கூரையைத் தாங்கும் தூண்கள் இருக்கின்றன. குறுக்குச் சாலையில் வரும் இருசக்கர வாகனம் ஒன்று முழுமையாகவே அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்துவிட முடியும். அதைவிட மோசம், மோதும் கணக்கில் நிலையான வேகத்தோடு நெருங்கும் இரு வாகனங்களில் ஒன்று மற்றொன்றின் பார்வையில் ஒரே கோணத்திலேயே தங்கியிருக்கும். ஆகவே தூணுக்குப் பின்னால் மறைந்தது மறைந்தபடியே நம்மோடு வந்துகொண்டிருக்கும். தூணுக்கு வெளியே இருந்தாலும், அசையாத சிறு புள்ளியாகத் தெரிவதைக் கண் எளிதில் பொருட்படுத்தாது. சந்திப்பை நெருங்கும்போது கழுத்தை மட்டும் திருப்பினால் போதாது. உடலையே சற்று முன்னும் பின்னும் சாய்த்து, தூணுக்கு அப்பால் எட்டிப் பார்க்க வேண்டும். வலம், இடம், மறுபடி வலம் என்று பார்க்கச் சொல்வதற்கும் காரணம், அருகிலிருந்து வரும் ஆபத்து வலப்புறத்தில் இருப்பதால் நுழையும் நொடியில் கடைசிப் பார்வை அங்கே இருக்க வேண்டும் என்பதுதான். மோட்டார் சைக்கிள் உருவத்தில் சிறியது என்பதால், அது உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் வருவதாகவும் மெதுவாக வருவதாகவும் தோன்றும்; அதற்குக் காரை விடக் கூடுதல் இடைவெளி கொடுக்க வேண்டும்.

மற்றவர் விதியை மீறும்போது

நமக்கு முன்னுரிமை உள்ள இடத்திலும் கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் 14 மீட்டர் போய்விடுகிறோம். ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கால் மாறுவதற்குள்ளேயே அந்தத் தூரம் செலவாகிவிடும். முன்கூட்டியே காலை மாற்றி வைத்தவருக்கு அதில் கணிசமான பகுதி மிச்சம். வழிவிட வேண்டியவர் வழிவிடாமல் வந்தால் நிறுத்திவிடுங்கள். அவர் செய்தது தவறுதான். அதைத் திருத்தும் இடம் சந்திப்பின் நடுப்பகுதி அல்ல.

இதற்கு எதிர்ப்புறமான பழக்கமும் ஆபத்தானது. முன்னுரிமை உள்ளவர் இரக்கப்பட்டு நடுச்சாலையில் நின்று, கிளைச்சாலையில் இருப்பவரை ‘நீங்கள் போங்கள்’ என்று கையசைக்கிறார். பல தடங்கள் உள்ள சாலையில் அடுத்த தடத்தில் வருபவருக்கு இந்த ஒப்பந்தம் தெரியாது. கையசைப்பை ஏற்றுக்கொண்டு கிளம்புபவர், தாமாகவே எல்லாத் தடங்களையும் பார்த்த பிறகே நகர வேண்டும். ஹெட்லைட்டை மின்னவிடுவதையும் அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘வாருங்கள்’ என்ற பொருளில் சிலரும், ‘நான் வருகிறேன், நில்லுங்கள்’ என்ற பொருளில் வேறு சிலரும் அதையே செய்கிறார்கள். பிரிட்டனின் விதித்தொகுப்பு, நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிப்பதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்தச் சொல்கிறது.

இறுதியாக, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் சைரனோடு வரும்போது மேலே சொன்ன எல்லா வரிசைகளும் அவற்றுக்குப் பின்னால்தான். ஆனால் பதற்றத்தில் சந்திப்பின் நடுவிலேயே பிரேக் அடித்து நிற்பவர்களாலும் அவை தாமதமாகின்றன. சந்திப்புக்குள் நுழைந்துவிட்டிருந்தால் கடந்துபோய் அப்பால் ஓரமாக நில்லுங்கள். இன்னும் நுழையவில்லையென்றால் கோட்டுக்கு முன்பே ஓரம் கட்டி, இண்டிகேட்டர் போட்டு நில்லுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியட்டும். அது கடந்து சென்றவுடன் கிளம்பிவிடாமல், இன்னொரு வண்டி அதன் பின்னால் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு நகருங்கள்.